நைனாவும் பார்க்கிங் காசும்

எங்கள் காரின் பின்பக்க பம்பரில், இடது ஓரமாக, ஒரு குழி இருக்கிறது. இட்லித் தட்டில் மாவு ஊற்றுகிற குழி அளவுக்கு இருக்கும். நிமிர்த்தித் தருகிறேன் என்று புத்தூரில் இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்தக் குழி விழுந்த அன்றைக்குத்தான் என் அப்பாவுக்கு, எங்கள் பக்கத்துப் பேச்சில் நைனாவுக்கு, கண் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்திரண்டு வயதில். ஆந்திர எல்லைக்குள் இருக்கிற நகரியில் ரவிக்கை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தாலே தூக்கம் வரும் என்பார், அதனால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. கார் புதிது இல்லை. திருத்தணியில் இருக்கிற நாத்தனார் வீட்டிலிருந்து வாங்கியது, அதனால் தமிழ்நாட்டு நம்பர். ஆந்திரா நம்பருக்கு மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

முன்னால் போவது எனக்குச் சுலபமாக வந்துவிட்டது. பின்னால் வருவதுதான் வரவில்லை. எங்கள் வீட்டு முன்வாசல் குறுகல், ரிவர்ஸ் எடுக்காமல் தெருவுக்கு வர முடியாது. நான் வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டால் போதும், நைனா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து பின்னால் நின்றுவிடுவார். "வா... வா... ஒடி... இன்னும் வா... போதும்." அந்தப் 'போதும்' தான் என் பிரேக். கண்ணாடியைப் பார்க்கிற பழக்கமே எனக்கு வரவில்லை, தேவைப்படவும் இல்லை.

போன வருஷம் ஒருநாள் 'போதும்' வரவில்லை. 'வா, வா' என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நானும் வந்துகொண்டே இருந்தேன், வண்டி போய்ச் சிமெண்ட் தொட்டியில் மோதியது. மோதிய பிறகும் ஒருமுறை 'வா' என்றார். எனக்கு மூக்குமேல் கோபம் வரும். இறங்கி வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் தொட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இந்தத் தொட்டி எப்ப இங்க வந்துச்சு?" என்றார்.

அந்தத் தொட்டியைக் கட்டியதே அவர்தான். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் கட்டியது. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அவருக்கு இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. கடலை பிடுங்கி முடியட்டும், மாங்காய் வியாபாரம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, பார்க்கப் போனபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். இப்போது மிச்சம் இருந்த வலது கண்ணிலும் புரை முற்றிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும், தள்ளினால் சொல்ல முடியாது என்றார்கள். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிகிற கணக்கு. நைனாவுக்கு மட்டும் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி இருந்தார்.

இரண்டு தடவை தப்பித்து ஓடினார். முதல் தடவை சித்தூரில் இலவச முகாம். கண்ணில் சொட்டு மருந்து போட்டு உட்கார வைத்த இடத்திலிருந்து எழுந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். கேட்டால், "இனாமா பண்றவன் இனாம் மாதிரிதான் பண்ணுவான்" என்றார். சரி, காசு கொடுத்தே செய்வோம் என்று திருப்பதியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நாள் வாங்கினேன். அன்றைக்கு வண்டியை மணிக் கணக்கில் காசு வாங்குகிற அடுக்குமாடிப் பார்க்கிங்கில் விட்டேன். மணிக்கு எவ்வளவு என்று அங்கிருந்த ஆளிடம் நைனா கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். அவரைத் தேடிக்கொண்டு நான் திருப்பதி முழுக்க அலைந்தேன். அவர் புத்தூர் வரைக்கும் போய்விட்டார்.

"வண்டி சும்மா நிக்கறதுக்கே அவ்ளோ காசு வாங்கறான். கண்ணத் தொட்டா இன்னா வாங்குவான்?" என்பது அவர் சொன்ன நியாயம். ஐந்து மணி நேரப் பார்க்கிங் காசை நான் அழுதுவிட்டு வந்தேன்.

மூன்றாவது தடவை, அதே ஆஸ்பத்திரியில் நாள் கேட்டபோது டாக்டர் என்னைத்தான் திட்டினார். இனியும் முற்றினால் ஆபரேஷனே கஷ்டம், இந்த முறையும் ஓடிவிட்டால் என்னிடம் வராதீர்கள் என்றார். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால், இப்போது அவருக்கு முட்டி வலி, அதிக தூரம் நடந்தால் உட்கார்ந்துவிடுவார். ஆபரேஷன் ஆன கண்ணோடு பஸ் புழுதியில் வரக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். ஆக, கார்தான். கார் என்றால் பார்க்கிங். அது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், நாள் முழுக்க நிற்க வேண்டும், நைனாவுக்குச் சாக்குக் கொடுக்காத விலையில் இருக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பணம் புரட்டியதைவிட இதை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை.

விடிந்ததும் கிளம்பினோம். நைனா பின் சீட்டில், மடியில் துணிப்பையோடு. மாவட்டத்தைப் பிரித்ததில் எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்திலேயே இருக்க, பக்கத்துப் புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டதைப் பற்றிப் புத்தூர் தாண்டும் வரை குறை சொல்லிக்கொண்டு வந்தார். டோல்கேட்டில் ஒருமுறை பெருமூச்சு விட்டார். அதற்குமேல் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் ஏதோ திட்டம் போடுகிறார் என்று அர்த்தம்.

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டோம். காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கீழ்த்தளத்தில் இரண்டு சக்கர வண்டிகளுக்கு மட்டும்தான் இடம். சந்தில் நிறுத்தினால் வீலுக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்று செக்யூரிட்டி சொன்னார். பத்து மணிக்குச் சொட்டு மருந்து ஆரம்பித்தாக வேண்டும். சரி, ஒரு சுற்றுச் சுற்றுவோம் என்று கிளம்பினேன்.

முதலில் கண்ணில் பட்ட பார்க்கிங்கில் ஒரு ஆள் எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்ததுமே சிரித்துக்கொண்டு ஓடிவந்தார். "வாங்கம்மா, வாங்க. சாமி பார்க்க வந்தீங்களா? மலைக்குப் போற வண்டின்னா அலிபிரிப் பக்கம் போகணும்" என்றார், நல்ல தமிழில்.

நைனாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. திருப்பதியில் யாராவது அவரிடம் தமிழில் பேசினால் பிடிக்காது. பேசுகிறவர் தமிழர், கேட்கிறவர் தமிழர், இதில் என்ன கோபம் என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய ரேஷன் கார்டு, ஓட்டு, நிலத்துப் பாஸ்புக் எல்லாம் இந்தப் பக்கம். தமிழில் பேசினால் அவரை வெளியூர்க்காரர் ஆக்கிவிட்டார்கள் என்று அர்த்தம், வெளியூர்க்காரர் என்றால் வெளியூர் ரேட்டு என்றும் அர்த்தம்.

"மேமு லோக்கல்!" நாங்கள் உள்ளூர்க்காரர்கள் என்று கண்ணாடியை இறக்கித் தெலுங்கில் கத்தினார்.

"லோக்கலா இருந்தா ஏன் பெரியவரே டிஎன் நம்பர்?" என்றார் அந்த ஆள், மறுபடியும் தமிழில். பிறகு ரேட்டைச் சொன்னார். நைனா கண்ணாடியை ஏற்றிவிட்டார். நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு இடத்தில் 'ஃபுல்' என்றார்கள். ஓர் இடத்தில் ஹோட்டலில் ரூம் எடுத்தவர்களுக்கு மட்டும் என்றார்கள். கோவிந்தராஜர் கோயில் கோபுரம் என் வலது பக்கம் வந்தது, போனது, மறுபடி வந்தது. மூன்றாவது முறை வந்தபோது பின் சீட்டிலிருந்து, "பெட்ரோல் போட்டுப் பிரதட்சணம் பண்றது நாமதான்டி" என்று குரல் வந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவே வந்தது. நேரம் போகப் போக அவருக்கு லாபம் அல்லவா. மணி ஒன்பதே காலைத் தாண்டியிருந்தது. எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றியது.

கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாவது சந்தில் ஒரு இரும்பு கேட்டைப் பார்த்தேன். சுண்ணாம்பால் தெலுங்கில் 'பார்க்கிங்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு வெறும் மனையாக விட்டிருந்தார்கள். சமையலறைச் சுவர் ஒன்று மட்டும் நீல டைல்ஸோடு நின்றது. எட்டு ஒன்பது கார்கள் நெருக்கமாக நின்றன. வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது இருக்கும். புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தாள்.

தெலுங்கில் விலை கேட்டேன். சாயங்காலம் வரைக்கும் நூற்றைம்பது என்று தெலுங்கில் சொன்னாள். நைனா பின்னாலிருந்து என் முதுகைச் சுரண்டினார்.

இங்கே எங்களிடம் இருக்கிற ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எல்லையில் இருக்கிறவர்களுக்கு இரண்டு பாஷை இருப்பதால், எப்போதும் ஒன்று ரகசியம் பேசுவதற்கு என்று நினைப்பு. சென்னையில் புடவைக் கடைக்குப் போனால் விலையைப் பற்றி எங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொள்வோம். திருப்பதிக்கு வந்தால் தமிழில் பேசிக்கொள்வோம். தினமும் தமிழ்நாட்டிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்து இறங்குகிற ஊரில் தமிழ் யாருக்கும் புரியாது என்று நினைப்பதற்கு எவ்வளவு புத்தி வேண்டும் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் ஒருவர் எங்களிடம் தமிழில் பேசி அனுப்பியிருந்தார். ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"நூறுக்கு மேல குடுக்காத" என்றார் நைனா, தமிழில், ஊருக்கே கேட்கிற மாதிரி. "மூஞ்சியப் பாத்தாலே தெரிது. ஏமாத்துக்காரி."

"சும்மா இரு நைனா."

அந்த அம்மாள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பேரம் பேசி நூற்றிருபதுக்கு முடிந்தது. முடிந்ததும் கையை நீட்டினாள். வண்டிச் சாவியை அவளிடம் விட்டுவிட்டுப் போக வேண்டுமாம். இடம் நெருக்கம், பின்னால் இருக்கிற வண்டி வெளியே போக வேண்டுமானால் முன்னால் இருப்பதை யாராவது டிரைவரை வைத்து நகர்த்த வேண்டும், அதனால் அங்கே எல்லோரும் சாவி கொடுத்துவிட்டுத்தான் போவார்களாம்.

"குடுக்காதடி!" என்றார் நைனா. "சாயங்காலத்துக்குள்ள வண்டி பார்ட்டு பார்ட்டா வேலூருக்குப் போயிடும்."

"போவட்டும். உன் கண்ணு வந்தாப் போதும்."

"இவளுக்குச் சாவி, அவனுக்குக் கண்ணு. எல்லாத்தையும் குடுத்துட்டு நாம இன்னாத்தக் கொண்டு போறது?"

எனக்கு மறுபடி ஏறிவிட்டது. "இத பாரு நைனா, இந்தத் தடவையும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினியோ, உன்ன இந்த வேப்பமரத்துல கட்டிப் போட்டுடுவேன். ஒரு கண்ணத் தொலச்சிட்ட. இதையும் தொலைக்கணுமா?"

"நான் எங்கடி ஓடப் போறேன்" என்றார் சாதுவாக. கொஞ்சம் பொறுத்து, "ஆதார் கார்டு பையில கீது இல்ல?" என்று கேட்டார்.

"கீது. பை வண்டியிலயே இருக்கட்டும். கார்டு நாள் வாங்கும்போதே காட்டியாச்சு."

ஆதார் கார்டைக் காட்டினால் வயசானவர்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் குறைவு. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சாவியைக் கொடுத்தேன். அந்த அம்மாள் என் போன் நம்பரைக் கேட்டு ஒரு அட்டைத் துண்டில் எழுதி வைப்பரில் செருகிவிட்டு, நாற்காலிக்குப் போய்விட்டாள். நாங்கள் பேசியதற்கு ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பத்து மணிக்குச் சொட்டு மருந்து ஆரம்பித்தார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நர்ஸ் வந்து கண்ணில் விட்டாள். நைனா சொன்னபடி எல்லாம் கேட்டார். நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டினார்கள், பச்சை கவுன் மாட்டினார்கள். மூன்று பேருக்கு அப்புறம் அவர் முறை என்றார்கள். கவுண்டரில் ஒரு கையெழுத்து என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் போட்டுவிட்டுத் திரும்பினால் நாற்காலியில் பச்சை கவுன் மட்டும் மடித்து வைத்திருந்தது.

பாத்ரூமுக்குப் போவதாகச் சொன்னாராம். பாத்ரூமில் இல்லை. மாடிப்படியில் இல்லை. வாசலில் டீக்கடையில் கேட்டேன், பார்க்கவில்லை என்றார்கள். போன வருஷம் அவருக்கு ஓரளவு தெரிந்தது, இப்போது மனிதர்கள் புகை மாதிரித்தான் தெரிகிறார்கள் என்று அவரே சொல்லியிருந்தார். அந்த ரோட்டில் ஆட்டோவும் பஸ்ஸும் எப்படி வரும் என்று தெரியும். கண் போனால்கூடப் பரவாயில்லை, ஆள் வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"பதறாதம்மா. உங்க நைனா இங்கதான் கீறாரு. கேட்டச் சாத்திட்டேன். மெதுவா வா."

தமிழ். அதுவும் பாடப்புத்தகத் தமிழ் இல்லை, எங்கள் பக்கத்துத் தமிழ். யார் பேசுகிறது என்று புரிவதற்கு எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் காலையில் அந்த வேப்பமரத்தடியில் நாங்கள் பேசியது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஏமாத்துக்காரி. மூஞ்சி. பார்ட்டு பார்ட்டா வேலூர். ஓடுகிறபோதே எனக்கு மானம் போனது, ஆனால் அதைவிடப் பெரிதாக, ஆள் கிடைத்துவிட்டார் என்ற நிம்மதியில் ரோட்டிலேயே அழுகை வந்துவிட்டது.

கேட் தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே அவளுடைய நாற்காலியில் நைனா உட்கார்ந்திருந்தார், நெற்றியில் பிளாஸ்திரியோடு. அவள் கேட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டு மறுபடி சாத்தினாள்.

"செவுத்தத் தடவிக்கினே வந்தாரு" என்றாள். "தெலுங்குல சாவி கேட்டாரு. பை எடுக்கணுமாம். நானும் தெலுங்குல, வண்டி நடுவுல மாட்டிக்கினு கீது, கதவு தெறக்க முடியாதுன்னு சொல்லிப் பாத்தேன். உடல. அப்பாலதான் தமிழ்ல சொன்னேன். பையில ஆதார் கார்டு கீது, எடுத்துக்கினா நீங்க பஸ்ஸு ஏறிடுவீங்க பெரியவரேன்னு."

நைனாவின் முகத்தில் ஈயாடவில்லை.

நான் அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். "எவ்ளோ தடவ நைனா? ஏன் இப்பிடி உசுர வாங்கற? இப்ப காசு ஜாஸ்தின்னு சொல்லு பாப்போம்? நூத்திருவது ரூபா ஜாஸ்தியா?"

அவர் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ஒண்ணுதான்டி கீது."

"இன்னா ஒண்ணு?"

"கண்ணு. ஒண்ணுதான் கீது. புகையா இருந்தாலும் நீ வர்றது போறது தெரிது. கத்தி வச்சி அதுவும் போயிடுச்சின்னா?"

அத்தனை மாதத்தில் அவர் காசைத் தவிர வேறு எதையும் சொன்னதில்லை. எனக்கும் அதே பயம்தான். ஒவ்வொரு ராத்திரியும் அதே பயம். அதை மறைக்கத்தான் அவர்மேல் கத்திக்கொண்டிருந்தேன் என்று அங்கே நின்றபோது எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவருக்கு முன்னால் ஒருவர்தான் பாக்கி, இருக்கிறீர்களா இல்லையா என்று நர்ஸ் கேட்டாள். வருகிறோம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, கொஞ்சம் இருங்கள் என்றேன்.

அந்த அம்மாள்தான் நடுவில் வந்தாள்.

"ஒரு பேச்சு பேசிக்கலாமா பெரியவரே? நீங்க போய் ஆபரேசன் பண்ணிக்கினு, கண்ணுல கட்டோட இந்த கேட்டுக்குள்ள வந்தீங்கன்னா, இன்னிக்கு பார்க்கிங் காசு வேணா. ஒரு பைசா வேணா. பண்ணிக்காம வந்தீங்கன்னா டிஎன் நம்பர் ரேட்டு. மணிக்கு நூறு. காலையில இருந்து கணக்கு."

நைனா நிமிர்ந்தார். "மணிக்கு நூறா! இன்னாம்மா அநியாயம்? நான் லோக்கல் ஆளு."

"லோக்கல் ஆளுங்க பாதியில ஓட மாட்டாங்க."

நைனாவின் உதடு அசைந்தது. ஒன்பதரையிலிருந்து எத்தனை மணி நேரம் என்று கூட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். கூட்டி முடித்து, "கட்டோட வந்தா ஒண்ணுமே வேணாமா?" என்றார்.

"ஒண்ணுமே வேணா."

"அப்பால பேச்சு மாற மாட்டியே?"

"மூஞ்சிதான் ஏமாத்துக்காரி மூஞ்சி. பேச்சு மாற மாட்டேன்."

நைனா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். "வாடி, போலாம்" என்றார், என்னமோ நான்தான் அதுவரை ஓடி ஒளிந்துகொண்டிருந்த மாதிரி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இந்தத் தடவை அவர் கால் நிற்கவில்லை. அந்தச் சந்து முழுக்க, "மணிக்கு நூறாம், மணிக்கு நூறு" என்று திட்டிக்கொண்டே வந்தார். ஆபரேஷன் அறைக் கதவு மூடுகிற வரைக்கும் திட்டினார்.

அரை மணி நேரம்தான் ஆனது. வெளியே காத்திருந்த நேரத்தில் நான் ஒன்றுமே நினைக்கவில்லை, என் தாவணி காலத்தில் அவர் வாங்கித் தந்த தையல் மிஷினின் நம்பரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் அது என்று கேட்டால் தெரியாது. டாக்டர் வெளியே வந்து, நன்றாக முடிந்தது, நாளைக் காலை கட்டுப் பிரித்தால்தான் பார்வையைச் சொல்ல முடியும் என்றார். பின்னாலேயே நைனாவை நடத்திக் கூட்டி வந்தார்கள், கண்மேல் வெள்ளைக் கட்டோடு. இப்போது அவருக்குப் புகைகூடத் தெரியாது. என் கை பட்டதும் முதல் வார்த்தையாக, "அந்தம்மா அங்கதான் கீறாளா?" என்றார்.

அவள் அங்கேதான் இருந்தாள். கட்டைப் பார்த்தாள், சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். நான் ரூபாயை நீட்டியதும் கையைத் தள்ளிவிட்டாள். பேச்சு பேச்சுதானாம். அவளுக்குச் சொந்த ஊர் எங்களை மாதிரியே எல்லையில் இருக்கிற பிச்சாட்டூர்ப் பக்கம், மனைக்காரர் ஊரில் இல்லாததால் இவளைக் காவலுக்கு வைத்திருக்கிறார் என்று சொன்னாள்.

"அக்கா, காலையில நாங்க பேசினதுக்கு..." என்று இழுத்தேன். "நீங்க அப்பவே தமிழ்ல பேசியிருக்கலாமே?"

"பேசினா நீங்க பேசறத நிறுத்திடுவீங்களே" என்றாள். "நாள் பூரா இந்த நாற்காலியில குந்திக்கினு கீறேன். இங்க வர்ற தமிழ்க்காரங்க எல்லாரும் எனக்குப் புரியாதுன்னு நெனச்சிக்கினு வீட்டுக் கதையெல்லாம் பேசறாங்க. எனக்கும் பொழுது போவணுமே."

கட்டுக்குக் கீழே நைனாவின் வாய் கோணியது. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அந்த ராத்திரி யாரும் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் மறுபடியும் அதே ரோடு, அதே டோல்கேட். இந்த முறை கோயிலைச் சுற்றவில்லை, நேராக அந்த கேட்டுக்குப் போனேன். சாவியைக் கொடுத்தேன். போய்வாங்க என்றாள், வேறு எதுவும் கேட்கவில்லை.

டாக்டர் கட்டைப் பிரித்தார். நைனா கண்ணைத் திறக்க மாட்டேன் என்றார். டாக்டர் இரண்டு தரம் சொன்ன பிறகு திறந்தார். தண்ணீர் வழிந்தது. விரலைக் காட்டி எத்தனை என்று டாக்டர் கேட்டார்.

"மூணு" என்றார் நைனா. பிறகு, "சார், உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் வேற கலரு" என்றார்.

டாக்டர் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். வெள்ளைப் பட்டன்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் லேசான மஞ்சள். தையல்காரி, எனக்கே தெரியவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் துடைத்தேன், அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. அப்பாடா என்பதைத் தவிர அந்தச் சமயத்தில் வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நைனா சந்தில் எனக்கு முன்னால் நடந்தார். சுவரைத் தொடவில்லை. கேட்டுக்குள் போய் அந்த அம்மாளுக்கு நேராக நின்று கண்ணாடியை லேசாகத் தூக்கினார். நான் வேண்டாம் என்றதைக் காதில் வாங்கவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினாள். "நல்லாப் பாத்துக்கங்க பெரியவரே. இப்பச் சொல்லுங்க, ஏமாத்துக்காரியா?"

நைனா நிதானமாகப் பார்த்தார்.

"நேத்து எனக்கு உன் மூஞ்சியே தெரியலம்மா" என்றார். "பயத்துல சொல்லிட்டேன். தப்பு." தமிழில்தான் சொன்னார், சத்தமாக. அங்கே வண்டி எடுக்க வந்த இரண்டு டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைக் குறைத்துக்கொள்ளவில்லை. இடுப்பிலிருந்து நூற்றிருபது ரூபாயை எடுத்து அவள் கையில் வைத்தார். "இன்னிக்கு ஆபரேசன் இல்ல. வாங்கிக்க."

அவள் வாங்கிக்கொண்டு இருபதைத் திருப்பிக் கொடுத்தாள். "லோக்கல் ரேட்டு" என்றாள். நைனா அந்த இருபது ரூபாயை மடித்து வைத்துக்கொண்ட விதத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கள் வண்டி உள்ளே தள்ளி, சமையலறைச் சுவருக்கு முன்னால் நின்றது. ரிவர்ஸ் எடுத்துத் திருப்பினால்தான் கேட்டுக்கு வர முடியும். நான் சீட்டில் உட்கார்ந்து, இந்த ஒரு வருஷமாகக் கற்றுக்கொண்டிருக்கிற வழக்கப்படி கண்ணாடியைச் சரி செய்தேன். கண்ணாடியில் நைனா தெரிந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றிருந்தார்.

"நைனா, தள்ளி நில்லு. நானே எடுத்துக்குவேன்."

"எடுடி. நான் பாக்கறேன்."

பக்கத்தில் ஒரு புது கார் நின்றது. பின்னால் சுவர். நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துவிட்டு ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.

"வா... வா... இந்தப் பக்கம் ஒடி... வா... வா... போதும்!"

பிரேக்கை மிதித்தேன். வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கிப் பின்னால் போனேன். பம்பர் குழிக்கும் நீல டைல்ஸுக்கும் நடுவில் என் கையை விரித்து வைத்தேன். சரியாக ஒரு சாண்.

"இன்னாடி, நம்பிக்கை இல்லியா?" என்றார் நைனா.

"கீது நைனா" என்றேன். "சும்மா, அளந்து பாக்கணும்னு ஆசையா இருந்தது."